பழைய வீட்டுக்குப் புது முகம்

கும்பகோணத்தில் நாம் வசிக்கும் தெருவின் மேலண்டைக் கோடியில் ஒரு வீடு இருக்கிறது. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் அசல் சுட்ட செங்கல்லால் கட்டிய வீடு. இருபது வருஷத்துக்கு முன்னால் அதன் சொந்தக்காரர், அந்தப் பழமையைக் கண்டு கூச்சப்பட்டுச் சுவர் முழுவதும் சிமெண்டு பூசினார். பின்னர் அவருடைய குமாரர் தலையெடுத்தார். "இப்போது செங்கல்தான் நாகரிகம்" என்று கூறி, அந்தச் சிமெண்டுக்கு மேலே, செங்கல்லைப் போல் அச்சிட்ட டைல்ஸை ஒட்டினார். ஆக, உள்ளே நிஜச் செங்கல், நடுவே சிமெண்டு, வெளியே பொய்ச் செங்கல். ஒருவர் தமது சொந்த மூக்கை மறைத்து, அதன் மேல் காகித மூக்கை ஒட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவாரானால் ஊரார் சும்மா இருப்பார்களா? வீட்டு விஷயத்தில் மட்டும், "பிரமாதமான எலிவேஷன்!" என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

இந்த 'எலிவேஷன்' என்னும் சொல் இப்போது கொத்தனார் முதல் கல்யாணத் தரகர் வரையில் எல்லோர் வாயிலும் புகுந்து விளையாடுகிறது. வீட்டின் முகப்பு என்று சொன்னால் போதாதாம். முகப்பு என்றால் அது வீட்டோடு பிறந்தது. எலிவேஷன் என்றால் தனியாக விலைக்கு வாங்கி மாட்டக் கூடியது என்று நாம் அர்த்தம் செய்துகொண்டிருக்கிறோம்.

பிறர் வீட்டைப் பற்றி நகைப்பது எளிது. எங்கள் வீட்டின் கதை இதைவிட மேலானது என்று சொல்வதற்கில்லை. அதைச் சொல்லத்தான் இப்போது பேனாவை எடுத்தோம்.

எங்கள் பாட்டனார் 1931-இல் கட்டிய வீடு அது. ஒன்றரை அடிப் பருமனுள்ள சுவர். மெல்லிய நாட்டுச் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியது. வாசலுக்கு இருபுறமும் திண்ணை. திண்ணையில் நான்கு மரத் தூண்கள். தூண்களின் மேல் நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம், தெருப் பக்கம் நன்றாக இறங்கியிருக்கும். அதற்குப் பின்னால் மச்சு. மச்சின் விளிம்பில் கைப்பிடிச் சுவர். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற ஐந்து படிகள். இந்த ஐந்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2004-ஆம் வருஷம் மகாமகம் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும் விசேஷம். பந்துக்கள் எல்லோரும் வந்து இறங்குவார்கள். 'ஊரெல்லாம் புதுச் சட்டை போட்டுக்கொள்ளும்போது நம் வீடு மட்டும் பழங்கோலத்தில் நிற்பதா?' என்று எங்களுக்குத் தோன்றிவிட்டது. பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எறிந்தோம். முக்கால் அங்குலச் சிமெண்டு பூசினோம். அதன் மேல் ஈரத் துணியால் துடைக்கக் கூடிய பளபளப்பான பிளாஸ்டிக் வர்ணம் அடித்தோம். தாழ்வார ஓடு முகப்பை மறைக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதை ஒன்றரை அடி வெட்டிக் குறுக்கினோம். கைப்பிடிச் சுவரில் ஏதோ மேடும் பள்ளமுமாக இருந்தது; அதையும் சிமெண்டால் நிரவிச் சமமாக்கினோம். ஒரு பக்கத்துத் திண்ணைக்கு இரும்புக் கிராதி போட்டுப் பூட்டினோம். வந்த பந்துக்கள் அத்தனை பேரும் வீடு புதுசு போல் இருக்கிறது என்றார்கள். அந்தப் புகழ்ச்சியின் சுகம் இரண்டு வருஷம் நீடித்தது.

மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழைக்குப் பிறகு, வாசற்படிக்கு அருகில் வர்ணம் அப்பளம் போல் உப்பிக்கொண்டது. விரலால் தொட்டால் உடைந்து உள்ளேயிருந்து வெள்ளை மாவு கொட்டிற்று. சுரண்டி மறுபடியும் வர்ணம் அடித்தோம். அடுத்த வருஷம் உப்பல் ஓர் அடி மேலே ஏறிற்று. நீர் புகாது என்று விளம்பரம் செய்யப்பட்ட வேறொரு வர்ணத்தை வாங்கி அடித்தோம். நீர் உண்மையிலேயே புகவில்லை. ஏற்கனவே உள்ளே இருந்த நீர் வெளியே போகவும் இல்லை. 2022-ஆம் வருஷத்துக்குள் ஓதம் நான்கு அடி உயரம் ஏறிவிட்டது. தெருப் பக்கத்து அறையில் அரிசி மூட்டை வைக்க முடியவில்லை. புத்தக அலமாரியைத் திறந்தால் பூஞ்சக்காளான் வாடை. எண்பத்து மூன்று வயதான எங்கள் தாயார் அந்த அறையில்தான் படுப்பது வழக்கம். கார்த்திகை மாதம் முழுவதும் இருமிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் விஷயம் விபரீதமாயிற்று. வீட்டைப் பார்க்க வந்த ஒரு காண்டிராக்டர் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒரு துண்டு பெயர்ந்து கையோடு வந்தது. "சுவர் செத்துப்போச்சு. இனி இதில் காசு போடாதீங்க. இடிச்சிட்டு மூணு மாடியாக் கட்டினா, கீழே கடை விடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நமது தமையனார் சென்னையில் இருப்பவர். எதையும் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்கிறவர். அவர் சொன்னார்: "இரண்டு வழிதான் இருக்கு. ஒன்று, இடித்துவிடலாம். இல்லையென்றால் முகப்பு முழுவதும் டைல்ஸ் ஒட்டிவிடலாம். டைல்ஸுக்கு ஓதம் ஏது? 2028-லே அடுத்த மகாமகம் வருகிறது. அதற்குள் ஒரு வழி செய்தாக வேண்டும்."

"நான் இருக்கிறவரைக்கும் இடிக்க வேண்டாம்டா" என்றார் தாயார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு யாராலும் நிம்மதியாகக் காப்பி சாப்பிட முடியவில்லை.

கெட்டுப்போனது சுவரா, அதன் மேல் நாம் மாட்டிய சட்டையா என்பதுதான் கேள்வி. இதைத் தீர்மானிக்காமல் இடிப்பதும் பிசகு. டைல்ஸ் ஒட்டுவதும் பிசகு. கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை செய்து பழகிய முதிய கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தோம். அவர் காண்டிராக்டரைப் போல் சுவரைத் தட்டவில்லை. சிமெண்டுப் பூச்சு உப்பியிருந்த இடத்தில் கரண்டியை நுழைத்து, ஒரு முழத் துண்டை அப்படியே பெயர்த்துத் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் செங்கல்லின் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது, ஈரமாயிருந்தது. பிறகு ஆணியால் உள் செங்கல்லைக் கீறினார். இடைச் சாந்தைக் கிள்ளிப் பார்த்தார்.

"செவுத்துக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. ஒரு விரக்கடை மேலாலே பொரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். இந்தச் சட்டைதான் அதுக்கு மூச்சு முட்டுது" என்று தாயாரிடம் சொன்னார்.

மூச்சு முட்டுகிறது என்பதைக் கேட்டுத் தமையனார் புன்னகை செய்தார். ஆனால், கொத்தனார் சொன்னது வெறும் அலங்காரப் பேச்சன்று. செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் கோடானுகோடி இருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, சுவரின் அடிப்பாகம் மண்ணிலுள்ள ஈரத்தை மேலே இழுக்கிறது. இக்காலத்து வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரந்தடுக்கும் பட்டை ஒன்று போடுகிறார்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் அது கிடையாது. அப்படியானால் பழைய வீடுகள் எப்படி நூறு வருஷம் நின்றன? ஏறுகிற ஈரம் அவ்வப்போது வெளியேறிக்கொண்டே இருந்ததால்தான். சுண்ணாம்புக் காரையும் துவாரங்கள் நிறைந்தது. ஒரு சாண் உயரம் ஏறுவதற்குள் காற்றும் வெயிலும் பட்டு ஈரம் ஆவியாகிவிடும்.

சிமெண்டுப் பூச்சு நெருக்கமானது, கெட்டியானது. பிளாஸ்டிக் வர்ணமோ மெல்லிய ரப்பர் துணியைப் போர்த்தியதற்குச் சமானம். வெளியேற வழி கிடைக்காத ஈரம், வழி தேடி மேலே மேலே ஏறுகிறது. மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு போகிறது. ஈரம் உலருமிடத்தில் உப்பு படிகமாகி, இடம் போதாமல் நெருக்கி, பூச்சையும் செங்கல்லின் தோலையும் சேர்த்துத் தள்ளுகிறது. நாம் கண்ட அப்பளமும் வெள்ளை மாவும் இதுதான். டைல்ஸ் ஒட்டியிருந்தால் உப்பல் கண்ணுக்குத் தெரியாமலிருக்கும். ஓதம் நான்கு அடியிலிருந்து ஏழு அடிக்குப் போயிருக்கும். பிறகு ஒரு நாள் டைல்ஸ் பெயர்ந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழும்.

சுண்ணாம்பைப் பற்றிக் கும்பகோணத்துக்காரருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் கொழுந்து வெற்றிலையின் கீர்த்தியில் சுண்ணாம்புக்கும் பங்கு உண்டு அல்லவா? ஆயினும், வாயில் போட்டுக்கொள்ளும் அந்தப் பொருளின் சரித்திரம் விந்தையானது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுமார் 900 டிகிரி உஷ்ணத்தில் சுடுகிறார்கள். அப்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியே போய்விடுகிறது. மிஞ்சுவது நீற்றாத சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறாகிறது. அந்த நீற்றை மணலோடு குழைத்துச் சுவரில் பூசிவிட்டால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை நாளடைவில் திரும்பப் பெற்றுக்கொண்டு, மறுபடியும் கல்லாகிவிடுகிறது! சூளைக்குள் எதை இழந்ததோ அதையே சுவரின் மேல் இருந்தபடி மீட்டுக்கொள்கிறது. மாதக்கணக்கில் நடக்கும் காரியம். அவசரப்படுகிறவர்களுக்கு இது ஆகாது.

அவசரக்காரர்களுக்காகவே பிறந்தது சிமெண்டு. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனாரான ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824-இல் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இந்தியாவில் சிமெண்டு செய்யும் ஆரம்ப கால முயற்சிகளில் ஒன்று நடந்ததும் நமது சென்னைப் பட்டணத்தில்தான். 1904-இல் கிளிஞ்சலை மூலப்பொருளாகக் கொண்டு ஆரம்பித்தார்கள். அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் தொடங்கிய தொழிற்சாலைதான் காலூன்றி நின்றது. அணைகளும் பாலங்களும் அடுக்கு மாளிகைகளும் சிமெண்டு இல்லாமல் எழும்பியிருக்க முடியாது. சிமெண்டுச் சாந்தால் கட்டி, ஈரந்தடுப்பும் போட்ட பிற்காலத்து வீட்டுக்குச் சிமெண்டுப் பூச்சே பொருந்தும். அப்படிப்பட்ட வீட்டில் குடியிருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சுவரைக் கொத்தத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். மிருதுவான செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த பழைய சுவர் வெயிலிலும் மழையிலும் சிறிது விரிந்து சுருங்கும். அதன் மேல் விறைப்பான சிமெண்டை ஒட்டினால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. விரிசல் காண்கிறது, விரிசல் வழியே மழைத் தண்ணீர் புகுகிறது, புகுந்தது வெளியேறுவதில்லை.

இனி அந்த ஐந்து படிகளின் விஷயம். கொத்தனார் தெருவில் நின்றுகொண்டு படிகளை எண்ணினார். மூன்றுதான் இருந்தன. வீடு அமுங்கவில்லை, தெரு வளர்ந்திருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டி, அறுபது எழுபது வருஷத்தில் இரண்டு படிகளை விழுங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அரசாங்கத்தார் கண்டிப்பாகச் சொன்னார்கள். சந்தோஷம். ஆனால், முன்னமே புதைந்த படிகள் திரும்பி வரப் போவதில்லை. சுவரின் பாதம் தெரு மட்டத்துக்கு வந்துவிட்டபடியால் மழைத் தண்ணீர் அங்கே தேங்கிற்று. அதோடு நாங்களும், புத்திசாலித்தனம் என்று நினைத்து, சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தோம். மண்ணின் ஈரம் மேலே போக வழியின்றிச் சுவருக்குள் திரும்பிற்று. எங்கள் வீட்டு ஓதத்துக்கு இத்தனை காரணங்கள் இருந்தன. எல்லாவற்றையும் வர்ண டப்பாவைக் கொண்டே தீர்த்துவிடலாம் என்று பதினெட்டு வருஷம் முயன்றிருக்கிறோம்!

தமையனாருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. "சுண்ணாம்பு என்றால் பழையபடி பஞ்சைக் கோலம்தானே?" என்றார். அவரையும் அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனோம். அங்கே வைசியாள் வீதி என்று ஒன்று இருக்கிறது. திண்ணையும் தெருத் தாழ்வாரமும் மரத் தூணும் உள்ள தமிழ் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன், இன்டாக் என்னும் மரபுரிமைச் சங்கத்தாரும் நகராட்சியாரும் சேர்ந்து, அந்த வீதியிலுள்ள முகப்புக்களைப் பழைய முறைப்படி செப்பனிட்டார்கள். 2008-இல் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. வீதியில் நாங்கள் நடந்தபோது மாலை நேரம். இளமஞ்சள், வெளிர் நீலம், காவி என்று ஒவ்வொரு வீடும் ஒரு சாயல். ஆனால், ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் போல எல்லாவற்றுக்கும் ஒரே ஜாடை. தமையனார் ஒரு தாழ்வாரத்தின் கீழ் நின்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டை வெட்டினது தப்புதான்" என்று மட்டும் சொன்னார். டைல்ஸ் பேச்சு அதோடு நின்றது.

ஆனால், வேறொரு மோகம் அவரைப் பிடித்துக்கொண்டது. திருவனந்தபுரத்தில் தம்பானூர் பஸ் நிலையத்துக்கு அருகே சுருள் சுருளாக மேலேறும் இந்தியன் காபி ஹவுஸ் கட்டடத்தை அவர் பார்த்திருக்கிறார். செங்கல்லை வெளியே காட்டியும், சுவரில் சல்லடைத் துவாரங்கள் விட்டும் அதை அமைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவையே வீடாக்கிக்கொண்டு, 2007-இல் இங்கேயே காலமானவர். காந்தியடிகளைப் பம்பாயில் சந்தித்தபோது, ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற கருத்தை அவரிடமிருந்து கேட்டதாகவும், ஆயுள் முழுவதும் அது தம் நெஞ்சில் நின்றதாகவும் பேக்கர் கூறி வந்தார். செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவே பொந்து விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையைக் கேரளத்தில் பரப்பியவரும் அவர்தான். அதனால் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு செங்கல் மிச்சமாகிறது. பொந்திலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. "பேக்கர் மாதிரி நாமும் செங்கல்லை வெளியே காட்டிவிடலாமே! பூச்சுச் செலவே இல்லையே!" என்றார் தமையனார்.

கொத்தனார் பதில் சொல்லாமல், சுவரில் ஒரு கை அளவு தண்ணீர் தெளித்தார். செங்கல் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டது. பிறகு, பின்கட்டில் கிடந்த இரண்டு பழைய செங்கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். ஒன்று கணீரென்று பேசிற்று, மற்றது பொத்தென்றது. "வெளியே காட்டுற செவுருன்னா கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வைப்பாங்க. இது பூசறதுக்குன்னு கட்டின செவுருங்க. நல்லதும் பொல்லாததும் கலந்துதான் கிடக்கும். சட்டை இல்லாம மழையிலே நிறுத்தலாமா?" என்றார். சென்னையில் 1892-இல் திறந்த உயர் நீதிமன்றமும், 1908-இல் திறந்த எழும்பூர் ரயில் நிலையமும் செங்கல்லைக் காட்டிக்கொண்டு கம்பீரமாக நிற்கின்றன என்றால், காரணம், அந்தக் கல் காட்டுவதற்கென்றே பக்குவமாகச் சுட்டு, மட்டம் பார்த்து வைத்த கல். எங்கள் சுவரிலோ, சிமெண்டு நன்றாகப் பிடிப்பதற்காக 2004-இல் கொத்திய கொத்துக் காயங்கள் வேறு.

முதலிலிருந்தே செங்கல் தெரியும்படி கட்டிய வீடும் அநேகருக்கு இருக்கலாம். நாற்பது ஐம்பது வருஷம் ஆகி, நிறம் மங்கி, பாசி படர்ந்து, அழுது வடிகிறதென்று அவர்கள் வருத்தப்படுவதுண்டு. அவர்களுக்கு நாம் சொல்லக் கூடியது இதுதான்: வர்ணக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரும் தென்னை நார்த் தூரிகையும் எடுத்துக்கொண்டு, ஒரு சதுர கஜம் மட்டும் தேய்த்துப் பாருங்கள். பல வீடுகளில் கிழடு தட்டியது கல் அன்று, அதன் மேலுள்ள அழுக்கு. அமிலம் ஊற்றிக் கழுவுவதும், மணலை வேகமாக வீசிச் சுரண்டுவதும் கூடாது. சூளையில் கிடைத்த கெட்டித் தோல் போய்விட்டால் உள்ளேயிருக்கும் மிருதுவான பாகம் மழைக்கு ஈடு கொடுக்காது. கல்லுக்கிடையே சாந்து உதிர்ந்திருந்தால் முக்கால் அங்குல ஆழம் சுரண்டி எடுத்து, முன்பு என்ன சாந்தோ அதே மாதிரிச் சாந்தால் அடைக்க வேண்டும். அரசங்கன்று முளைத்திருந்தால் இன்றைக்கே பிடுங்க வேண்டும். நாளைக்கு அது சுவரைப் பிடுங்கிவிடும். இவ்வளவும் செய்து, ஜன்னல் கதவுகளுக்குப் புதிதாக ஒரு வர்ணமும் வாசலுக்கு ஒரு நல்ல விளக்கும் வைத்த பிறகும் மனசு சமாதானமாகாவிட்டால், நீர்த்த சுண்ணாம்பு ஒரு கை அடிக்கலாம். அது செங்கல்லின் துவாரங்களை அடைப்பதில்லை. எண்ணெய் வர்ணத்தை மட்டும் செங்கல்லுக்குக் காட்ட வேண்டாம். அடித்துவிட்டால் திரும்ப எடுப்பது பகீரதப் பிரயத்தனம்.

எங்கள் வீட்டில் வேலை 2023-ஆம் வருஷம் தை மாதக் கடைசியில் ஆரம்பமாயிற்று. சாரம் கட்டி, சிமெண்டைத் தட்டித் தட்டிப் பெயர்த்தார்கள். பாதி, தானே கழன்று வந்துவிட்டது. மச்சின் கைப்பிடிச் சுவருக்கு வந்தபோது, "ஐயா, ஒரு தரம் மேலே வாங்க" என்று கொத்தனார் கூப்பிட்டார். ஏறிப் பார்த்தோம். 2004-இல் 'மேடும் பள்ளமும்' என்று நாங்கள் நிரவியது என்ன என்பது அப்போதுதான் தெரிந்தது. சுதையில் செய்த இரண்டு கிளிகள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நடுவே 1931 என்று இலக்கம். பல வருஷத்து வெள்ளையடிப்பில் மழுங்கி மழுங்கி உருவம் தெரியாமல் போயிருந்தவற்றை, நாங்கள் உயிரோடு புதைத்திருக்கிறோம். சிமெண்டை எடுத்தபோது வலது பக்கத்துக் கிளியின் மூக்கு அதோடு போய்விட்டது. தாயாரைத் தெருவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காட்டினோம். "கல்யாணமாகி வந்த அன்னிக்கு இந்தக் கிளியைத்தான் முதல்லே பார்த்தேன். அப்போ பச்சையாயிருந்தது. எங்கே போச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு" என்றார். தமையனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிறகு இரண்டு மாதம் ஒரு வேலையும் நடக்கவில்லை. சுவரைச் சும்மா விட்டு உலர்த்தினோம். மாசி, பங்குனி வெயிலில் செங்கல் நிறம் மாறுவதைத் தினமும் பார்க்க முடிந்தது. மேலே பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்துக் கூடையில் அள்ளிக் கொட்டினோம். கழுவக் கூடாது, கழுவினால் உப்பு மறுபடியும் உள்ளே போய்விடும் என்பது கொத்தனாரின் எச்சரிக்கை. எதிர் வீட்டார், "வேலை நின்றுபோய்விட்டதா? பணமுடையா?" என்று அநுதாபத்தோடு விசாரித்தார்கள். சுவரை ஒட்டிய சிமெண்டுத் தளத்தை உடைத்து, ஓர் அடி அகலத்துக்குப் பள்ளம் எடுத்துக் கருங்கல் ஜல்லி கொட்டி, தண்ணீர் ஓட வாட்டம் பார்த்தோம். வேலை முழுவதிலும் செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் இந்தப் பள்ளம்தான்.

சுண்ணாம்பை மூன்று வாரத்துக்கு முன்பே நீற்றித் தொட்டியில் ஊற வைத்திருந்தார்கள். கடுக்காயை நசுக்கிப் பனைவெல்லத்தோடு தண்ணீரில் ஊறப் போட்டார்கள். தெருவெல்லாம் புளித்த வாசனை. அந்தத் தண்ணீரை விட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அரைத்த சாந்தை இரண்டு பூச்சாகப் பூசினார்கள். முதற் பூச்சு இறுகிய பிறகே இரண்டாவது. சித்தாளாக வந்த பெண்மணி ஒருவர், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தார். தமையனார் ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, "சிமெண்டானால் இதற்குள் கிரகப்பிரவேசமே ஆகியிருக்கும்" என்றார். அதுவும் நியாயமான பேச்சுத்தான். சுண்ணாம்பு வேலைக்கு நாளும் கூலியும் அதிகம். வேலை தெரிந்தவர்கள் குறைவு. எங்கள் கொத்தனாரின் பிள்ளை சென்னையில் டைல்ஸ் ஒட்டுகிறாராம்.

கடைசியில் நிறம். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து, மஞ்சள் காவி கலந்தோம். தண்ணீர் போல் இருக்கிறதே, பிடிக்குமா என்று சந்தேகமாயிருந்தது. தடிமனாக அடித்தால்தான் உதிரும், மெல்லிசாக மூன்று கை அடிக்க வேண்டும் என்றார் கொத்தனார். ஈரத்தில் அழுக்காய்த் தெரிந்த சுவர், காயக் காய உள்ளேயிருந்து வெளிச்சம் வருவது போலத் தெளிந்தது. அடிப்பாகத்தில் இரண்டடி உயரத்துக்குச் செங்காவிப் பட்டை. தெருச் சேறு தெறிப்பது அதில் தெரியாது. தாழ்வாரத்தை மறுபடியும் ஒன்றரை அடி நீட்டி ஓடு வேய்ந்தோம். சாரல் சுவரில் படாமலிருப்பதற்கு இதைவிட நல்ல வர்ணத்தை எந்தக் கடையிலும் விற்கவில்லை. தூண்களில் ஏழு சுற்று வர்ணத்தைச் சுரண்டிவிட்டு எண்ணெய் மட்டும் தேய்த்தோம்.

கிராதியைப் பற்றித்தான் சச்சரவு. தமையனாருக்குத் திருட்டுப் பயம். முடிவில், உட்புறத்து வாசற்கதவுக்கு நல்ல பூட்டாகப் போட்டுவிட்டு, திண்ணைக் கிராதியை எடுத்துவிட்டோம். மறுநாள் காலையில் கீரைக்காரி கூடையை அந்தத் திண்ணையில்தான் இறக்கினாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

2023, 2024 இரண்டு வருஷத்து வடகிழக்குப் பருவமழையும் வந்து போய்விட்டன. சுவர் பூரணமாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். கீழே முக்கால் அடி உயரம் வரையில் மழைக்காலத்தில் நிறம் கறுக்கிறது. தை மாதத்தில் தானே வெளுத்துவிடுகிறது. ஓரிடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. கொத்தனார் வந்து கால் மணியில் ஒட்டுப் போட்டார். தெருப் பக்கத்து அறையில் புத்தக அலமாரி பழையபடி இருக்கிறது. தாயாரும் அந்த அறைக்கே திரும்பிவிட்டார். இருமல் இருக்கிறது, எண்பத்தைந்து வயதில் இல்லாமலிருக்குமா? ஆனால், கார்த்திகை முழுவதும் இருமுவதில்லை.

மூக்குப் போன கிளிக்குப் புது மூக்கு வைத்துவிடலாமா என்று கொத்தனார் கேட்டார். தாயார் வேண்டாமென்றார். பச்சை நிறம் மட்டும் அடிக்கச் சொன்னார். அடித்தாயிற்று. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அடுத்த முறைக்குக் கிளிஞ்சல் நீற்றத் தொட்டி தயாராகிவிட்டது; மஞ்சள் காவி மட்டும் வாங்க வேண்டும். மகாமகத்துக்கு முந்தின முறை அடிக்கும்போது தாமும் சாரத்தில் ஏறி ஒரு கை அடிக்கப் போவதாகத் தமையனார் எழுதியிருக்கிறார். அறுபது வயசுக்கு மேல் சாரத்தில் ஏற வேண்டாம், கீழ்ப் பட்டையை அடித்தால் போதும் என்று பதில் எழுதியிருக்கிறோம்.